தொடைத் தசையைக் கன்னத்தில் வைத்தால் சிரிப்பு திரும்புமா?

வந்திருக்கும் கேள்வி இது. 24 வயதுத் தங்கைக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இடப்பக்கச் செவி நரம்பில் வளர்ந்திருந்த கட்டி அகற்றப்பட்டது. கட்டி போய்விட்டது, ஆனால் அன்றிலிருந்து முகத்தின் இடப்பக்கம் அசையவே இல்லை. இரண்டு ஆண்டுகள் பிசியோதெரபியும் மின் தூண்டலும் செய்து பார்த்தும் மாற்றமில்லை. தொடையிலிருந்து ஒரு தசையை எடுத்துக் கன்னத்தில் வைத்தால் சிரிக்க முடியும் என்று மருத்துவர் சொல்கிறார். அதை ஒரே அறுவையில் முடிக்கலாம், அல்லது ஓராண்டு இடைவெளியில் இரண்டு அறுவைகளாகச் செய்யலாம், வீட்டில் பேசி முடிவெடுத்து வாருங்கள் என்றும் கூறியிருக்கிறார். இது நம்பத்தக்கதா, எதைத் தேர்வது, நடை கெடுமா, பழைய சிரிப்பு அப்படியே வருமா என்று அந்தப் பெண்ணின் அண்ணன் கேட்கிறார்.

முகவாத நோயாளிகளுக்கு அறுவை செய்யும் குழுவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த முறை நம்பத்தக்கது. ஏறத்தாழ அரை நூற்றாண்டாகப் பல நாடுகளில் செய்யப்பட்டு வருவது. நடை கெடாது. பழைய சிரிப்பு முழுமையாகத் திரும்பாது; ஆனால் உதட்டோரம் உயர்ந்து, எதிரில் இருப்பவர் தயக்கமின்றிச் சிரிப்பு என்று அடையாளம் காணும் அசைவு பெரும்பாலோருக்குக் கிடைக்கிறது. ஒன்றா இரண்டா என்பதை மட்டும் அறுவைகளின் எண்ணிக்கையையோ செலவையோ வைத்துத் தீர்மானித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புதிய தசையை எந்த நரம்பு இயக்கப் போகிறது என்பதுதான் அங்கே உண்மையில் கேட்கப்படும் கேள்வி. அதை விளக்கச் சற்று முன்னாலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

முகபாவங்களைக் காட்டும் தசைகளை, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் முகநரம்பு இயக்குகிறது. மூளையிலிருந்து நேராகப் புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் இது ஏழாவது; செவி நரம்பு எட்டாவது. இரண்டும் மண்டையோட்டுக்குள் அருகருகே ஓடி, காதெலும்பின் ஒரே துவாரத்துக்குள் நுழைகின்றன. செவி நரம்பில் கட்டி பெரிதாகும்போது முகநரம்பு அதன் மேல் மெல்லிய நாடாபோல் விரிந்து ஒட்டிக்கொள்வதுண்டு. அதனால் கைதேர்ந்த மருத்துவர் மிகுந்த கவனத்துடன் பிரித்தெடுத்தாலும் சிலருக்கு அந்த நரம்பு செயலிழந்துவிடுகிறது. உயிருக்கு ஆபத்தாக வளரக்கூடிய ஒரு கட்டியை எடுத்ததற்கு உங்கள் தங்கை கொடுத்த விலை இது என்றே நான் பார்க்கிறேன். யாரையும் குறைசொல்ல இதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

உறவினர்கள் ஆளுக்கொரு உதாரணம் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாய் கோணிக்கொண்டது, மாத்திரையிலேயே சரியானது என்பார்கள். அவருக்கு வந்தது அநேகமாக பெல்ஸ் பால்ஸி. அதில் நரம்பு அறுபடுவதில்லை. எலும்புக்குள் செல்லும் குறுகிய பாதையில் வீங்கி நெருக்குண்டு சில காலம் வேலை நிறுத்துகிறது. கோபன்ஹேகனில் பைட்டர்சன் என்ற மருத்துவர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துப் பதிவு செய்ததில், எந்தச் சிகிச்சையும் பெறாத பெல்ஸ் பால்ஸி நோயாளிகளில் ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் முழுமையாகத் தேறினார்கள். முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் அந்த வாய்ப்பு இன்னும் கூடுகிறது. இன்னும் சிலர் இதைப் பக்கவாதம் என்று நினைத்துக்கொள்வார்கள். மூளைப் பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றியைச் சுருக்க முடியும், கண்ணையும் ஓரளவு மூட முடியும். உங்கள் தங்கையைப் போல் நெற்றியிலிருந்து தாடைவரை ஒரு பக்கம் முழுவதும் அடங்கிப்போனால் கோளாறு நரம்பில்தான் இருக்கிறது. ஆகவே இவர்களுடைய அனுபவங்கள் எதுவும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

மூன்று ஆண்டுகள் என்பது ஏன் முக்கியமாகிறது? நரம்பின் கட்டளை கிடைக்காத தசை முதலில் மெலிகிறது, பிறகு அதன் இழைகள் மறைந்து அந்த இடத்தில் கொழுப்பும் நாரும் சேர்கின்றன. முதல் 12 முதல் 18 மாதங்களுக்குள் வேறொரு நரம்பைக் கொண்டுவந்து இணைத்தால் பழைய தசைகளையே மீண்டும் இயக்கிவிடலாம். இரண்டு ஆண்டுகளைத் தாண்டினால் எந்த நரம்பைக் கொண்டுவந்தாலும் அதை ஏற்றுக்கொள்ளத் தசை மிஞ்சியிருப்பதில்லை. பிசியோதெரபியால் பலன் கிடைக்காததற்கும் இதுவே காரணம். உங்கள் தங்கை சரியாகப் பயிற்சி செய்யவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால், அதை அவர் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நரம்பே போய்ச் சேராத தசையை எந்தப் பயிற்சியாலும் எழுப்ப முடியாது. இந்தப் பதிலைப் படிக்கும் வேறு யாருக்காவது அறுவைக்குப் பின் முகம் அசையாமல் ஆறு மாதமோ பத்து மாதமோதான் ஆகியிருக்கிறது என்றால், அவர்கள் காத்திருந்து பார்ப்போம் என்று நாளைக் கடத்தாமல், முகநரம்புக்கான மறுசீரமைப்பு செய்யும் மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். கைவிட்டுப்போன காலத்தை எந்த அறுவையாலும் திருப்பித் தர முடிவதில்லை.

பழைய தசை இல்லை என்றானபின் புதிய தசை வேண்டும். இந்த எண்ணம் பழமையானது. 1930களில் லண்டனில் ஹரோல்ட் கில்லீஸ் நெற்றிப்பொட்டில் உள்ள மெல்லும் தசையின் ஒரு பகுதியை மடித்துக் கீழிறக்கி வாயோரத்தில் பொருத்தினார். தொழுநோயால் இமை மூட முடியாமல் பார்வை இழக்கும் நிலையில் இருந்தவர்களுக்கு இதே நெற்றிப்பொட்டுத் தசையைக் கண்ணிமைக்குத் திருப்பும் அறுவை வேலூரை அடுத்த கரிகிரியில் வெகுகாலம் செய்யப்பட்டு வந்திருக்கிறது என்பதை இங்கே நினைவுகூர விரும்புகிறேன்; முகநரம்பு போனவருக்கு மெல்லும் நரம்பைக் கொண்டு உதவலாம் என்ற அறிவு நம் மண்ணுக்குப் புதியதல்ல. ஆனால் உடலின் வேறோர் இடத்திலிருந்து தசையை முழுவதுமாகக் கழற்றிக்கொண்டு வருவது வேறு வகையான வேலை. 1971இல் இங்கிலாந்தில் நோயல் தாம்ப்சன் ரத்தநாளத் தொடர்பு இல்லாமலே சிறு தசைகளை எடுத்து முகத்தில் ஒட்டிப் பார்த்தார். ரத்தம் உடனே கிடைக்காத தசையில் பெரும்பகுதி மடிந்துவிடுகிறது என்பதால் அந்த முறை நிலைக்கவில்லை. 1960இல் அமெரிக்காவில் ஜேக்கப்சன் நுண்ணோக்கியின் கீழ் மிகச் சிறிய ரத்தக்குழாய்களைத் தைத்துக் காட்டியிருந்தார். அந்தத் திறமை வளர்ந்து கைக்கு வந்தபின், ஜப்பானைச் சேர்ந்த கியோனோரி ஹாரி தலைமையிலான குழு தொடையின் கிராசிலிஸ் தசையை அதன் தமனி, சிரை, நரம்பு ஆகியவற்றோடு எடுத்து முகத்தில் பொருத்தி, அது அசைந்ததை 1976இல் வெளியிட்டது. உங்கள் மருத்துவர் சொல்லும் அறுவை அந்த வழியில் வந்ததுதான்.

கிராசிலிஸ் என்பது தொடையின் உட்புறத்தில், இடுப்பெலும்பின் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை நீளும் மெல்லிய பட்டைத் தசை. தொடைகளை ஒன்று சேர்ப்பதற்கும் முழங்காலை மடக்குவதற்கும் அதைவிடப் பன்மடங்கு வலிய தசைகள் பக்கத்திலேயே இருப்பதால், அது குறைந்தாலும் நடை, ஓட்டம், மாடிப்படி எதிலும் குறை தெரிவதில்லை. மேலும், முழுத் தசையையும் எடுப்பதில்லை. கன்னத்துக்கு வேண்டிய நீளத்துக்கும் பருமனுக்கும் ஒரு துண்டை மட்டும் செதுக்கி எடுக்கிறார்கள். கனடாவின் டொரண்டோவில் ரால்ஃப் மாங்டெலோ, ரான் சுக்கர் ஆகிய இருவரும் இந்தச் சிறு துண்டு முறையைச் செம்மைப்படுத்தியதால்தான் முன்பெல்லாம் கன்னம் உப்பிக்கொண்டு தெரிந்த குறை வெகுவாகக் குறைந்தது. தொடையின் உள்பக்கத் தழும்பு உடைக்குள் மறைந்துவிடும். கன்னத்தில் வெட்டு, காதின் முன்னோரமாக மேலிருந்து இறங்கித் தாடைக்கடியில் முடியும். முகத்தின் நடுவே தழும்பு இருக்காது.

அறுவையின் நடைமுறையை ஓரளவு தெரிந்துகொண்டால் பயம் குறையும் என்பதால் சொல்கிறேன். இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் வேலை செய்வது வழக்கம். ஒன்று முகத்தில், மற்றொன்று தொடையில். முகத்தில் கன்னத்தோலைத் தூக்கி, வாயோரத்திலும் மேலுதட்டிலும் வலுவான தையல்களை முதலில் போட்டு, அவற்றை இழுத்துப் பார்க்கிறார்கள். இழுக்கும்போது வலப்பக்கச் சிரிப்பின் மடிப்பைப் போலவே இடப்பக்கமும் மடிகிறதா என்பதே அவர்களுக்கு அளவுகோல். தொடையிலிருந்து வந்த தசையின் ஒரு முனை அந்தத் தையல்களில் கட்டப்படுகிறது. பிறகு நுண்ணோக்கியின் கீழ், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறுக்களவே உள்ள ரத்தக்குழாய்களைத் தாடையோரமாகச் செல்லும் முகத் தமனியோடும் சிரையோடும், தலைமயிரைவிட மெல்லிய நைலான் இழையால் தைக்கிறார்கள். வெளுத்திருந்த தசை ரத்தம் பாய்ந்தவுடன் சிவப்பதைப் பலமுறை பார்த்தபின்பும் அந்த நிமிடத்தில் எனக்கு ஏற்படும் நிம்மதி குறைந்ததில்லை. அதன்பின் நரம்பு இணைக்கப்பட்டு, தசையின் மறுமுனை காதுக்கு முன்னால் உள்ள உறுதியான சவ்வில் அளந்த இழுவிசையோடு பொருத்தப்படுகிறது. முழு வேலைக்கும் ஒரு பகல் பொழுதின் பெரும்பகுதி பிடிக்கும்.

இனி நரம்புக்கு வருகிறேன். நீங்கள் முடிவெடுக்க வேண்டியது இங்கேதான்.

இரண்டு அறுவை என்று மருத்துவர் சொன்னது இதுதான். முதல் அறுவையில் கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் சூரல் என்ற உணர்வு நரம்பை எடுத்து, அதன் ஒரு முனையை முகத்தின் ஆரோக்கியமான வலப்பக்கத்தில், சிரிக்க வைக்கும் முகநரம்புக் கிளைகளில் ஒன்றோடு இணைத்து, மேலுதட்டின் வழியாக இடப்பக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். 1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் ஸ்கரமெல்லாவும் ஆஸ்திரியாவின் ஆண்டெர்லும் வளர்த்தெடுத்த முறை அது; குறுக்கு நரம்பு ஒட்டு என்று அதைச் சொல்வார்கள். வலப்பக்கச் சிரிப்புக்குப் பல கிளைகள் ஒன்றுக்கொன்று பின்னி உதவிக்கொண்டிருப்பதால், ஒன்றை எடுத்தாலும் அந்தப் பக்கம் செயலிழப்பதில்லை. நரம்பிழைகள் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வேகத்தில் அந்த ஒட்டு நரம்புக்குள் வளர்கின்றன. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் தூரத்தைக் கடக்க வேண்டியிருப்பதால், இரண்டாவது அறுவைக்கு ஒன்பது மாதத்திலிருந்து ஓராண்டுவரை காத்திருக்கிறார்கள். இடப்பக்க உதட்டோரத்தில் நரம்பு முனை இருக்கும் இடத்தை விரலால் மெல்லத் தட்டினால் சுருக்கென்று ஓர் உணர்வு வருவது, இழைகள் வந்து சேர்ந்துவிட்டன என்பதற்கு அடையாளம். அதன்பின்தான் தொடைத் தசை வருகிறது. தசை அசையத் தொடங்க இன்னும் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் ஆகும். ஆக, முதல் அறுவையிலிருந்து முதல் அசைவுவரை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு. கெண்டைக்கால் நரம்பை எடுத்ததால் பாதத்தின் வெளியோரத்தில் மரத்துப்போன உணர்வு நிலைத்திருக்கும். அது நடையைப் பாதிப்பதில்லை.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது என்ன? வலப்பக்கம் சிரிக்கும்போது இடப்பக்கமும் தானாகச் சிரிப்பது. யாரோ ஒருவர் எதிர்பாராமல் ஏதோ சொல்ல, நினைத்துப் பார்ப்பதற்குள் வந்துவிடும் சிரிப்பு அது. ஏன் அது தனியானது என்றால், மூளையில் மனமறிந்து சிரிக்கும் பாதையும் உணர்ச்சியால் சிரிக்கும் பாதையும் வெவ்வேறாக இருக்கின்றன. மூளையின் மேற்பரப்பில் பாதிப்பு ஏற்பட்ட சிலர், சிரியுங்கள் என்று சொன்னால் ஒரு பக்கம் சிரிக்க முடியாமல் திணறுவார்கள். ஆனால் வேடிக்கை ஒன்றைக் கேட்டதும் இருபக்கமும் மலர்ந்துவிடும். பார்க்கின்சன் நோயில் இதன் மறுபக்கத்தைக் காணலாம்: சொன்னால் சிரிப்பார்கள், தானாக வருவது குறைந்துவிடும். இரண்டு பாதைகளும் வந்து சேரும் இடம் முகநரம்பு. அதனால்தான் வலப்பக்க முகநரம்பிலிருந்து கடன் வாங்கிய இழைகள் உணர்ச்சியையும் கூடவே கொண்டுவருகின்றன. குறை என்னவென்றால், அவ்வளவு தூரம் வளர்ந்து வரும் வழியில் இழைகள் பல நின்றுவிடுகின்றன. கடைசி முனைக்கு வந்து சேர்பவை சில நூறு அளவிலேயே இருக்கும். ஆகவே அசைவு மென்மையாக இருக்கலாம். சிலருக்கு மிகவும் குறைவாக இருக்கும். ஒரு சிலருக்கு வராமலே போவதும் உண்டு. வயது ஏற ஏற இந்த வாய்ப்பு குறைகிறது.

ஒரே அறுவை என்பது, தொடைத் தசையை மாசெட்டர் என்னும் மெல்லும் தசைக்குச் செல்லும் நரம்போடு இணைப்பது. பல்லைக் கடித்தால் தாடைக் கோணத்தில் புடைக்கிறதே, அந்தத் தசை. அது முகநரம்பின் கீழ் இல்லை. ஐந்தாவது நரம்பின் கீழ் இருக்கிறது. காதின் முன் நுனியிலிருந்து மூன்று சென்டிமீட்டர் முன்னால், கன்ன எலும்பு வளைவுக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே அதன் நரம்பை நம்பகமாகக் கண்டுபிடிக்கலாம். ஏறத்தாழ 1,500 இழைகள் உள்ள வலிய நரம்பு. தூரமும் குறைவு. அதனால் இரண்டு முதல் நான்கு மாதங்களிலேயே அசைவு தெரிகிறது, அசைவின் அளவும் பெரியது. பிறவியிலேயே இருபக்க முகநரம்பும் இயங்காத மோபியஸ் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு, கடன் வாங்க ஆரோக்கியமான பக்கமே இல்லை என்பதால் டொரண்டோ மருத்துவர்கள் இந்த நரம்பைப் பயன்படுத்தினார்கள். முகத்தில் எந்தப் பாவமும் தோன்றாமலே வளர்ந்த குழந்தைகள் சிரித்தார்கள். அதன் பலன்தான் பெரியவர்களுக்கும் இதைச் செய்யும் துணிவைத் தந்தது.

இதில் சிரிக்க வேண்டுமானால் முதலில் பல்லைக் கடிக்க வேண்டும். கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும் தொடக்கத்தில் அப்படித்தான். கண்ணாடியின் முன் உட்கார்ந்து கடித்துச் சிரிப்பது, பிறகு லேசாகக் கடித்துச் சிரிப்பது, பிறகு தாடையை அசைக்காமலே சிரிப்பது என்று மாதக்கணக்கில் பழக வேண்டும். மூளை இதைக் கற்றுக்கொள்கிறது என்பது வியப்புக்குரிய உண்மை. மாங்டெலோவின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நரம்பைக் கொண்டு அறுவை செய்துகொண்ட பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் கடிக்காமலே சிரிக்கக் கற்றிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் யோசிக்காமல் இயல்பாகவே சிரிப்பதாகத் தெரிவித்திருந்தார்கள். ஆரோக்கியமானவர்களிலும் ஒரு பகுதியினருக்குச் சிரிக்கும்போது மாசெட்டரும் கூடவே இயங்குகிறது என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் எதிர்பாராத சிரிப்பு எல்லோருக்கும் வரும் என்று யாரும் உறுதி கூற முடியாது; சாப்பிடும்போது கன்னம் தானாக அசைவதும் சிலருக்கு இருக்கும்.

ஹாரி 1976இல் பயன்படுத்தியதும் ஒரு மெல்லும் நரம்பின் கிளையைத்தான் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன்பின் இயல்பான சிரிப்பைத் தேடி உலகம் குறுக்கு நரம்பு ஒட்டுக்குச் சென்றது. வலிமையைத் தேடி மீண்டும் மெல்லும் நரம்புக்கு வந்தது. இப்போது சில மையங்களில் இரண்டையும் ஒரே தசையில் இணைக்கிறார்கள்: மாசெட்டரிலிருந்து வலிமை, குறுக்கு நரம்பிலிருந்து தன்னிச்சை.

உங்கள் தங்கையின் இடத்தில் என் சொந்தத் தங்கை இருந்தால் நான் என்ன சொல்வேன் என்று கேட்டால்: வயது 24, வலப்பக்க முகநரம்பு நன்றாக இருக்கிறது, ஒன்றரை ஆண்டு காத்திருக்கும் மனவலிமையும் வாய்ப்பும் உண்டு என்றால், குறுக்கு நரம்பு ஒட்டைத் தொடங்கலாம் என்பேன், இரண்டாவது அறுவையின்போது மாசெட்டர் நரம்பையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கச் சொல்வேன். வேலை, திருமணம், தொலைவு ஆகியவற்றால் அது முடியாது, அல்லது இன்னொரு மயக்க மருந்தையும் இன்னொரு மருத்துவமனை வாசத்தையும் மனம் ஏற்கவில்லை என்றால், மாசெட்டர் முறையைக் குறைவான தேர்வு என்று நினைக்கவே வேண்டியதில்லை. அதுவும் நம்பிக்கைக்குரிய அறுவைதான். இந்தத் தேர்வை வீட்டில் பெரியவர்கள் கூடிச் செய்யாமல் அவரே செய்யட்டும்.

ஆனால் மாசெட்டருக்குச் செல்லும் முன் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். செவி நரம்புக் கட்டி பெரிதாக இருந்தால் அது ஐந்தாவது நரம்பையும் அழுத்தியிருக்கலாம். உங்கள் தங்கையைப் பல்லை இறுகக் கடிக்கச் சொல்லி இரண்டு தாடைக் கோணங்களையும் விரலால் தொட்டுப் பாருங்கள். இடப்பக்கமும் வலப்பக்கம் போலவே புடைக்கிறது என்றால் நல்லது. புடைக்கவில்லை, அல்லது இடக்கன்னம் மரத்திருக்கிறது என்றால் அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அந்த நரம்பைப் பயன்படுத்த முடியாமல் போகலாம். கட்டி மீண்டும் வளரவில்லை என்பதற்குப் புதிய எம்ஆர்ஐ படமும் கையில் இருக்க வேண்டும். முகத்தில் துளி அசைவாவது மிச்சமிருக்கிறதா என்று தசை மின்பதிவும் செய்து பார்க்கட்டும்.

கண்ணைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை; எனக்கு அதுதான் முதல் கவலை. இந்த அறுவை சிரிப்பை மட்டுமே தருகிறது. இமை மூடாது, நெற்றி சுருங்காது, கீழுதடு இறங்காது. மூடாத கண்ணின் கருவிழி காய்ந்து புண்ணாகும். ஐந்தாவது நரம்பும் பாதிக்கப்பட்டிருந்தால் புண் ஏற்படும் வலியே தெரியாது, அதனால் பார்வை போகும்வரை கவனிக்காமல் விட்டுவிடும் ஆபத்து உண்டு. பகலில் செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து, இரவில் களிம்பு, இமையை மூடி ஒட்டும் நாடா ஆகியவற்றை இப்போது பின்பற்றவில்லை என்றால் நாளையே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மேலிமைக்குள் சிறு தங்கம் அல்லது பிளாட்டினம் எடையை வைத்தால் புவியீர்ப்பிலேயே இமை இறங்கி மூடும். அது சிறிய அறுவை, சிரிப்புக்கான அறுவைக்கு முன்னரே செய்துகொள்ளலாம்.

வேறு வழிகளும் உண்டு. பிரான்சின் டானியல் லாப்பே செம்மைப்படுத்திய முறையில் நெற்றிப்பொட்டுத் தசையின் தசைநாரையே நேராக வாயோரத்துக்கு நீட்டுகிறார்கள். ரத்தக்குழாய் இணைப்பு தேவைப்படாததால் வயதானவர்களுக்கும் நீண்ட மயக்கத்தைத் தாங்க முடியாதவர்களுக்கும் அது ஏற்றது. தொடைச் சவ்வால் வாயோரத்தைத் தூக்கிக் கட்டுவது அசைவு தராது, ஓய்வு நிலையில் முகத்தைச் சமப்படுத்தும். 24 வயதுப் பெண்ணுக்கு நான் இவற்றை முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன்.

அறுவைக்குப் பின் முதல் சில நாட்கள் தசைக்கு ரத்தம் போகிறதா என்று செவிலியர்கள் அடிக்கடி பார்ப்பார்கள். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்தால் உடனே மீண்டும் அறுவை அரங்குக்கு எடுத்துச் செல்ல நேரலாம். கன்னத்துக்குள் ரத்தம் தேங்குவது, சீழ் பிடிப்பது ஆகியவை நேரக்கூடிய மற்றச் சிக்கல்கள். அந்தப் பக்கம் அழுத்திப் படுக்கக் கூடாது. வீட்டில் யாரும் புகைபிடிக்கக் கூடாது. வீக்கம் வடிய வாரங்கள் ஆகும். வீக்கம் வடிந்த பின்னும் கன்னம் சற்றுத் தடித்திருக்கலாம். வாயோரம் கூடுதலாகவோ குறைவாகவோ இழுக்கலாம். ஓராண்டுக்குப்பின் சிறு திருத்த அறுவை சிலருக்குத் தேவைப்படுகிறது. பேசும்போது வலக் கீழுதடு மட்டும் இறங்கிக் கோணலாகத் தெரிந்தால், அந்தத் தசையைச் சிறிதளவு போடாக்ஸ் ஊசியால் தளர்த்திச் சமன் செய்யலாம்.

வீட்டாருக்கு மிகக் கடினமான காலம், அறுவை முடிந்து அசைவு வரும்வரை உள்ள மௌனமான மாதங்கள். தசை அங்கே இருக்கும், எதுவும் செய்யாது. பணம் வீண்தானோ என்ற எண்ணம் எல்லா வீட்டிலும் வருகிறது. தயவுசெய்து அந்த மாதங்களில் ஒவ்வொரு நாளும் அவரைச் சிரித்துக் காட்டச் சொல்லாதீர்கள். முதல் துடிப்பு மிகச் சிறியதாக இருக்கும். பெரும்பாலும் அவருக்கு முன் எதிரில் இருப்பவரே அதைப் பார்க்கிறார்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்த அறுவையை அவரே எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், அவர்களின் ஓராண்டுக்குப் பிந்தைய காணொளிகளைக் காட்ட முடியுமா, எந்த நரம்பு, ஏன் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளை விரும்புவார். இரண்டாவது கருத்து வேண்டுமானால், நுண்ணறுவை செய்யும் ஒட்டுறுப்பு அறுவைச் சிகிச்சைத் (பிளாஸ்டிக் சர்ஜரி) துறை உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் செல்லலாம். போகும்போது கட்டி அறுவைக்கு முந்தைய நாட்களில் எடுத்த படங்களைத் தேடி எடுத்துச் செல்லுங்கள். ஸ்டூடியோவில் நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்தவை வேண்டாம், தோழிகளோடு அல்லது வீட்டு விசேஷத்தில் தன்னை மறந்து சிரித்தவை வேண்டும். வாயோரம் மட்டும் மேலேறும் சிரிப்பா, மேலுதடு உயர்ந்து கோரைப்பல் தெரியும் சிரிப்பா, இரண்டு வரிசைப் பல்லும் தெரியும் சிரிப்பா என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது; அறுவைக்கு முன் மருத்துவர் வலக்கன்னத்தைப் பார்த்து இடக்கன்னத்தில் பேனாவால் கோடு போடும்போது, தசையை எந்தத் திசையில் பொருத்துவது என்பதை அந்தப் படங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.